ஸ்லாட் மெஷின் பாஷை: எந்தச் சொல்லுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, எதற்குப் பின்னால் ஆசை இருக்கிறது

ஸ்லாட் மெஷின் என்கிற சூதாட்ட மெஷினில் ஆடுகிறவர்கள் பேசுவதை முதல் தடவை கேட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. "இது லூஸ் மெஷின்", "ரெண்டு ஸ்கேட்டர் விழுந்துச்சு, மூணாவது ஏமாத்திடுச்சு", "ஹேண்ட் பே வாங்கினேன்", "டில்ட் ஆயிடுச்சு" என்று போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் காதில் விழுந்ததும் அது யார் வாயில் பிறந்தது என்று மட்டும் பாருங்கள். கேசினோவின் கணக்கு அறையில் பிறந்த சொல் என்றால் அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். ஆடுகிறவர் வாயில் பிறந்தது என்றால் பெரும்பாலும் ஆசையோ ஆற்றாமையோதான் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறவர்தான் சீக்கிரம் காலியாகிறார்.

மெஷினின் முகத்திலிருந்து தொடங்குவோம். சுற்றுகிற சக்கரம் ரீல். ஒரு தடவை சுற்றுவது ஸ்பின். காசு போடும் துளைக்குத்தான் ஸ்லாட் என்று பெயர், பிறகு அதுவே மெஷினுக்கும் பெயராகிவிட்டது. பக்கத்தில் ஒற்றைக் கைப்பிடி இருந்ததாலும் அதை இழுத்தவர் பை காலியானதாலும் அமெரிக்காவில் ஒற்றைக் கைக் கொள்ளைக்காரன் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் இதே மெஷின் போக்கி, பிரிட்டனில் ஃப்ரூட் மெஷின். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல் மெஷினில் மூன்று ரீல்கள்தான். மூன்று மணிகள் வரிசையாக விழுந்தால் 50 சென்ட், அதுதான் அதன் உச்சப் பரிசு. செர்ரியும் எலுமிச்சையும் அப்புறம் வந்தவை. காசாகப் பரிசு தரத் தடை இருந்த இடங்களில் பழச்சுவை சூயிங்கம் தருவதாகச் சொல்லி மெஷின்கள் ஓடின, அந்தச் சுவைகளின் படங்கள்தான் ரீலில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை இறங்க மறுக்கின்றன.

இப்போது ஒரு மெஷின் முன் உட்கார்ந்ததும் பட்டனை அழுத்துவதற்கு முன் பே டேபிளைத் திறங்கள். கேள்விக்குறியோ 'ஐ' எழுத்தோ போட்ட பட்டனாக அது எங்காவது ஒரு மூலையில் இருக்கும். எந்தப் படம் எத்தனை விழுந்தால் எவ்வளவு, எந்தெந்தக் கோடுகளில் விழ வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். அந்தக் கோடுதான் பே லைன். சில மெஷின்களில் கோடே கிடையாது, அடுத்தடுத்த ரீல்களில் எங்கே விழுந்தாலும் சரி என்பார்கள், 243 வழிகள் என்று எழுதியிருப்பது அதுதான்: ஐந்து ரீல், ஒவ்வொன்றிலும் மூன்று படம், மூன்றை ஐந்து முறை பெருக்கினால் 243. வழி கூடினால் லாபமும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள், பரிசுத் தொகையை அதற்கேற்ப முன்பே குறைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

வைல்ட் என்பது சீட்டாட்டத்து ஜோக்கர் மாதிரி, பெரும்பாலான படங்களுக்குப் பதிலாக நிற்கும். ஸ்கேட்டர் கோட்டைப் பற்றிக் கவலைப்படாது, திரையில் எங்கே விழுந்தாலும் கணக்கில் சேரும், பெரும்பாலும் மூன்று விழுந்தால் ஃப்ரீ ஸ்பின் கதவு திறக்கும். மல்டிப்ளையர் வந்த பரிசைப் பெருக்கும். ஒன்றுமே வராமல் போன ஸ்பின்னுக்கு டெட் ஸ்பின் என்று பெயர். இதெல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும், பெரிய விஷயமில்லை.

கவனிக்க வேண்டியது பந்தயத் தொகையை. மெஷின் கிரெடிட்டில் பேசும், நீங்கள் பணத்தில் யோசிக்க வேண்டும். ஒரு கிரெடிட்டின் விலைக்கு டினாமினேஷன் என்று பெயர். பென்னி ஸ்லாட் என்ற பெயரைப் பார்த்து ஒரு சென்ட்தானே என்று உட்காருகிறவர்கள் நிறைய. கிரெடிட்தான் ஒரு சென்ட், ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தபட்சம் 40, 50 கிரெடிட் கேட்கும் மெஷின்கள் சர்வசாதாரணம். எனக்கே இது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உச்சப் பந்தயம் போடும் மேக்ஸ் பெட் பட்டன் பெரிதாக, கை தவறினாலும் படுகிற மாதிரி வைத்திருப்பார்கள். சில மெஷின்களில் உச்சப் பரிசு மேக்ஸ் பெட் போட்டவருக்கு மட்டுமே, அதுவும் பே டேபிளில்தான் எழுதியிருக்கும். அந்தத் தொகை உங்களுக்குக் கட்டாது என்றால் அந்த மெஷினை விட்டுவிட்டு வேறு பாருங்கள், பாதிப் பந்தயம் போட்டு முழு ஜாக்பாட்டைக் கனவு காண்பதில் அர்த்தமில்லை.

சரி, இப்போது கணக்கு அறைச் சொற்கள். முதலாவது ஆர்டிபி. போட்ட பணத்தில் எத்தனை சதவீதம் ஆடுகிறவர்களுக்குத் திரும்புகிறது என்பது. அமெரிக்காவின் நெவாடாவில் சட்டப்படி இது 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, நியூ ஜெர்சியில் 83. நடைமுறையில் இதைவிட அதிகமாகத்தான் வைப்பார்கள். ஒரு மெஷினில் 95 என்று போட்டிருந்தால் நம்மில் பலர் 100 கொண்டுபோனால் 95 மிஞ்சும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த 95 நீங்கள் கொண்டுபோன பணத்துக்கு இல்லை, சுற்றுகிற ஒவ்வொரு பந்தயத்துக்கும். ஒரு ஸ்பின்னுக்கு 1 வீதம், நிமிடத்துக்கு 10 ஸ்பின் ஆடினால் ஒரு மணி நேரத்தில் 600 பந்தயம் போட்டிருப்பீர்கள். கையில் இருந்தது 100தான், ஜெயித்ததையே திரும்பத் திரும்பப் போட்டு 600 ஆக்கிவிட்டீர்கள். இந்த 600க்குப் பெயர் காயின் இன். இதில் 5 சதவீதம் 30. ஆக ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 30 போகும், இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட கையிருப்பு முழுவதும். ஸ்பின் வேகத்தைக் கூட்டும் டர்போ பட்டனை அழுத்துவது இந்த மணிக் கணக்கைச் சுருக்குகிறது, வேறு எதையும் மாற்றுவதில்லை.

கேசினோவுக்குப் போகிற அந்த 5 சதவீதம் ஹவுஸ் எட்ஜ். கேசினோக்காரர் அதையே ஹோல்ட் என்பார். பிரிட்டிஷ் ஃப்ரூட் மெஷின் ஆடியவரிடம் ஹோல்ட் என்றால் அவர் ஒரு ரீலைச் சுற்றவிடாமல் பிடித்துவைக்கும் பட்டனைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரே சொல், இரண்டு உலகம்.

ஆர்டிபி மட்டும் போதாது. வோலடிலிட்டி என்று ஒன்று இருக்கிறது, மெஷினின் குணம் என்று சொல்லலாம். இரண்டு மெஷின்களுக்கும் 96 தான் என்றாலும், ஒன்று சின்னச் சின்னதாக அடிக்கடி தரும், மற்றொன்று நூறு ஸ்பின் வாயே திறக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கொட்டும். கொட்டும்வரை உங்கள் கையிருப்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. கையிருப்புக்கு பேங்க்ரோல் என்று பெயர். ஹிட் ஃப்ரீக்வென்சி இன்னொன்று: எத்தனை ஸ்பின்னுக்கு ஒரு முறை ஏதாவது விழுகிறது என்பது. 30 சதவீதம் என்றால் பத்தில் மூன்று. இந்த 'ஏதாவது' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 20 கோடுகள், கோட்டுக்கு 1 கிரெடிட், மொத்தம் 20 போட்டு சுற்றுகிறீர்கள். 8 விழுகிறது. விளக்கு எரிகிறது, இசை வருகிறது, எண் ஏறுகிறது. 12 கிரெடிட் போயிருக்கிறது! மெஷின் கணக்கில் அது ஹிட். ஆராய்ச்சியாளர்கள் இதை வெற்றி வேஷம் போட்ட தோல்வி என்கிறார்கள். திரையில் 'வின்' என்று வரும்போதெல்லாம் அதைப் பந்தயத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பத்து ஸ்பின் செய்து பார்த்தால் போதும், இசை காதில் வேறு மாதிரி விழும்.

அடுத்தது நியர் மிஸ். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இரண்டு ஜாக்பாட் படம் கோட்டில் நிற்கும், மூன்றாவது ஒரு படி மேலேயோ கீழேயோ. இது ஏன் இத்தனை அடிக்கடி நடக்கிறது? 1984இல் டெல்னேஸ் என்பவர் வாங்கிய காப்புரிமையில் இருக்கிறது பதில். கண்ணுக்குத் தெரிகிற ரீலில் 22 இடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரீலுக்கு 22 பெருக்கல் 22 பெருக்கல் 22, அதாவது 10,648 சேர்க்கைகள். ஆனால் உள்ளே சிப்பில் ஓடுவது 64 இடங்கள் கொண்ட இன்னொரு ரீல், விர்ச்சுவல் ரீல். ஜாக்பாட் படத்துக்கு அந்த 64இல் ஒரே ஓர் இடம் கொடுத்தால் வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. மிச்ச இடங்களில் நிறையவற்றை ஜாக்பாட்டுக்கு மேலும் கீழும் இருக்கிற வெற்றிடங்களுக்கு ஒதுக்கிவிட்டால் அந்தப் படம் கோட்டைத் தொட்டுத் தொட்டு நழுவும். கண் 22ஐப் பார்க்கிறது, சிப் 64ஐ எண்ணுகிறது. அதனால் "இப்பதான் நெருங்கி வந்துச்சு" என்று யாராவது சொன்னால், எதுவும் நெருங்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம், அந்த நேரத்தில் கேட்கிற மனநிலையில் இருக்கமாட்டார்.

ஆடுகிறவர் சொற்கள் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. ஹாட் என்றால் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிற மெஷின், கோல்ட் என்றால் விழுங்கிக்கொண்டிருப்பது, ட்யூ என்றால் ரொம்ப நேரமாகத் தராததால் இனி தந்தே தீர வேண்டியது. மெஷினுக்குள் எண்களை உற்பத்தி செய்கிற ஆர்என்ஜி, யாரும் ஆடாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அழுத்திய நொடியில் வந்த எண்தான் முடிவு, ரீல் சுற்றுவது வெறும் காட்சி. முந்தைய ஸ்பின் அதற்கு ஞாபகமே இல்லை. நீங்கள் எழுந்துபோன சீட்டில் அடுத்து உட்கார்ந்தவருக்கு ஜாக்பாட் விழுந்தால் அது உங்களுடையது இல்லை, அவர் அழுத்திய நொடியில் நீங்கள் அழுத்தியிருக்கவே மாட்டீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: பிரிட்டனின் பப் ஃப்ரூட் மெஷின்களில் சில, தந்ததையும் வாங்கியதையும் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்பவை, அங்கே பழகிய நாக்குக்கு 'ட்யூ' என்ற சொல் அவ்வளவு பொய்யில்லை.

தாராளமாகத் தருவது லூஸ், இறுக்கிப் பிடிப்பது டைட் என்பவை பாதி உண்மை. ஆர்டிபி மெஷினுக்கு மெஷின் மாறும், பொதுவாகச் சின்ன டினாமினேஷனில் குறைவு, பெரியதில் அதிகம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் இது லூஸ் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆன்லைனில் இன்னும் மோசம், ஒரே பெயர் கொண்ட ஒரே விளையாட்டைத் தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று ஆர்டிபி அளவுகளில் விற்கிறார்கள், எந்தத் தளத்தில் எது ஓடுகிறது என்பதை அந்தத் தளத்தின் பே டேபிளிலேயே பார்க்க வேண்டும், வேறு எங்கோ படித்த எண்ணை நம்பக் கூடாது.

ப்ரோக்ரசிவ் என்றால் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு துளி எடுத்து ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட். பல கேசினோக்களின் மெஷின்களை ஒன்றாக இணைத்த மெகாபக்ஸ் 1986இல் வந்தது, 2003இல் லாஸ் வேகஸில் ஒருவருக்கு ஏறக்குறைய 4 கோடி டாலர் விழுந்தது. அந்தத் துளி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், மற்ற சின்னப் பரிசுகளிலிருந்துதான். "மஸ்ட் ஹிட் பை 500" என்று எழுதியிருந்தால் ஜாக்பாட் தொகையைக் காட்டும் மீட்டர் 500ஐத் தொடுவதற்குள் விழுந்தே ஆக வேண்டும். மீட்டர் 490ஐத் தாண்டும்வரை சுற்றிச் சுற்றி வந்து உட்காருகிறவர்களுக்குப் பிணந்தின்னிக் கழுகு என்று பெயர். திட்டாகச் சொன்னாலும் அவர்கள்தான் கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள்.

கேசினோ தன் வாடிக்கையாளருக்குத் தரும் ப்ளேயர்ஸ் கார்டைச் செருகினால் மெஷின் இறுகிவிடும் என்பது வதந்தி. கார்டு காயின் இன்னை எண்ணும், அவ்வளவே. அதை ஹவுஸ் எட்ஜால் பெருக்கினால் வருவது தியோ, அதாவது நீங்கள் இழக்க வேண்டிய தொகை. இலவச அறை, இலவச உணவு என்று வரும் காம்ப் எல்லாம் பெரும்பாலும் தியோவை வைத்துத்தான். நீங்கள் அன்றைக்கு ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது அடுத்த விஷயம். ஆன்லைன் போனஸுக்கும் இதே பெருக்கல் போடுங்கள். 1,000 போனஸ், 30 மடங்கு வேஜரிங் என்றால் 30,000க்குப் பந்தயம் போட்ட பிறகே பணத்தை எடுக்க முடியும், 96 ஆர்டிபியில் அதற்குச் சராசரியாக 1,200 போகும். 1,000ஐ வாங்க 1,200.

மிச்சமிருக்கும் சில சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். திமிங்கிலம் என்றால் மிகப் பெரிய பந்தயக்காரர். டோக் என்றால் டிப்ஸ், தாராளமாகத் தருகிறவர் ஜார்ஜ், தராதவர் ஸ்டிஃப். மெஷின் தலையில் எரியும் விளக்கு கேண்டில். டில்ட் என்பது ஒரு காலத்தில் மெஷினைச் சாய்த்து ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைத்த கருவி, இப்போது எந்தக் கோளாறு வந்தாலும் டில்ட் என்கிறார்கள், மனுஷனுக்கும் ஆகும்: தோற்ற எரிச்சலில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனால் அவர் டில்ட்டில் இருக்கிறார். அதற்கு நம்மிடம் பழைய பேச்சு இருக்கிறது, விட்டதைப் பிடிப்பது.

ஹேண்ட் பே என்றால் பரிசு பெரிதாக இருப்பதால் மெஷின் பூட்டிக்கொண்டு ஊழியர் கையால் தருவது, அமெரிக்காவில் நெடுங்காலம் 1,200 டாலர் அதற்கான வரிக்கோடாக இருந்தது. விளக்கு எரிந்து மெஷின் பூட்டிக்கொண்டால் எழுந்து போய்விடாதீர்கள், ஊழியர் வரும்வரை சீட்டிலேயே இருங்கள். சின்னத் தொகைக்கு கேஷ் அவுட் அழுத்தினால் காசு கொட்டாது, ஒரு டிக்கெட் வரும். அதை வேறு மெஷினில் செருகலாம், கியோஸ்கில் பணமாக்கலாம். பலர் முதலாவதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் கியோஸ்கைவிட அடுத்த மெஷின் பக்கத்தில் இருக்கிறது. பணமாக்காமல் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் டிக்கெட்டில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.