மஞ்சள் தடவிய தாளில் வெயில்படம் எடுப்பது எப்படி?

பூவின் பாகங்களை வரைந்து கலர் அடிக்கச் சொல்லிவிட்டு, 'கலையோடு இணைந்த கற்றல்' என்று பதிவேட்டில் நானும் சில வருஷம் எழுதியிருக்கிறேன். அதில் கலையும் இல்லை, அறிவியலும் இல்லை. இப்போது ஏழாம் வகுப்புக்குச் செய்வது வேறு: மஞ்சள் பூசிய தாளில் இலையை வைத்தால், படத்தை வெயில் எடுத்துக் கொடுக்கும். அமிலம், காரம் நடத்தும் வாரத்தில் செய்தால் கச்சிதமாக இருக்கும்.

வேண்டியவை: மஞ்சள்தூள், மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், வழவழப்பில்லாத கெட்டி டிராயிங் தாள், ஸ்பாஞ்ச், பரீட்சை அட்டை, பழைய போட்டோ பிரேம் கண்ணாடி (ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்), கிளிப், நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வெங்காரம் (போராக்ஸ்).

1. கரைசல்

நான் சறுக்கியது இங்கேதான். ஸ்பிரிட்டுக்கு எதற்குக் காசு என்று முதல் தடவை தண்ணீரில் கலக்கினேன். பார்க்க நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது. பூசிக் காய்ந்ததும் தாளில் கை வைத்தால் தூள் தூளாக உதிர்ந்தது. முப்பது பிள்ளைகளின் உள்ளங்கையும் மஞ்சள், தாளெல்லாம் திட்டுத் திட்டு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். நாம் பார்ப்பது மிதக்கும் தூளைத்தான். ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு இரண்டு டீஸ்பூன் தூள். குலுக்கி, பத்து நிமிஷம் விட்டு, பழைய வேட்டித் துணியை மடித்து வடிகட்டுங்கள். தெளிந்த ஆரஞ்சு நிறத்தில் இறங்க வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் இதை மட்டும் நானே செய்துவிடுவேன். சத்துணவு அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

2. பூசுதல்

பிரஷ்ஷை விட ஸ்பாஞ்ச் மேல். பிரஷ் கோடு கோடாக விழும். இரண்டு பூச்சு, பீரோவுக்குள் காயவிடுங்கள். வராந்தாக் கொடியில் தொங்கவிட்டால் படம் எடுக்கும் முன்பே வெளுத்துவிடும்.

3. இலை

முருங்கை, வேம்பு, அருகம்புல், பெரணி. பறித்தவுடன் வைத்தால் கண்ணாடிக்கடியில் வியர்த்து ஈரக்கறை விழும். முந்தைய நாளே செய்தித்தாளுக்குள் அழுத்தி வையுங்கள். அட்டை, தாள், இலை, கண்ணாடி என்று அடுக்கி நாலு பக்கமும் கிளிப். இலை ஒட்டிக் கிடக்காவிட்டால் ஓரம் மங்கிப் போகும்.

4. வெயில்

பத்தரைக்கு வைத்தால் ஒரு மணிக்கு எடுக்கலாம். கூடவே ஒரு துண்டுத் தாளை அட்டையால் மூடி, அரை மணிக்கொரு தடவை ஒரு விரற்கடை திறந்துவிடுங்கள். மஞ்சள் படிப்படியாக வெளுத்திருக்கும். எந்தப் படியோடு நிறுத்தலாம் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். எனக்கு இலைப்படத்தை விட இந்தத் துண்டுதான் பெரிய பாடம்.

5. சிவக்க வைத்தல்

100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வெங்காரம். இலையை எடுத்துவிட்டு ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். இலை நிழல் விழுந்த இடம் மட்டும் செம்பழுப்பாகக் கிளம்பும். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண், "வெள்ளைச் சட்டைல சாம்பார் கறை பட்டு, சோப்புப் போட்டா இப்படித்தான் செவக்கும் டீச்சர்" என்றாள். இன்னொருவன் ஆரத்தித் தட்டுக்குத் தாவினான்: மஞ்சளும் சுண்ணாம்பும். அப்புறம் காரம், நிறங்காட்டி எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெயில் பட்ட இடம் ஏன் சிவக்கவில்லை என்பதில்தான் அரை மணி சண்டை. குர்குமின் வெயிலில் சிதைந்துவிடுகிறது. சிவக்க அங்கே மிச்சம் இல்லை.

சுண்ணாம்புத் தெளிநீரும் சிவக்க வைக்கும். ஆனால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வெங்காரம் தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது; சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

இது பழைய வித்தைதான். 1842லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் பூச்சாறுகளை வைத்து இப்படிப் படம் எடுத்துப் பார்த்தார். அதே வருஷம் அவர் கண்டுபிடித்த, இரும்பு உப்புகள் பூசிய தாளில் வெயில் பட்டு நீலமாகப் படம் விழும் நீலப்படிவ (சயனோடைப்) முறையில், 1843 முதல் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவு செய்தார். அந்த ரசாயனங்களுக்கு அலைவதை விட நமக்கு மஞ்சள் சுலபம்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

கஸ்தூரி மஞ்சள் போட்டவருக்கு நிறமே ஏறவில்லையாம். அதில் குர்குமின் குறைவு. விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்ததுதான் என் சாய்ஸ்.

வெங்காரத்துக்குப் பதில் கேரம்போர்டு பவுடர் போட்டதாக ஒருவர். அது போரிக் அமிலம். கேரம் வேறு, காரம் வேறு சார்!

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய படம் ஒரு மாதத்தில் காணாமல் போனதாக மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். போகத்தான் செய்யும், இதை நிலைநிறுத்த வழியில்லை. அன்றே போனில் படம் எடுத்துவிட்டு, அசலை நோட்டுக்குள் மூடி வைக்கச் சொல்லுங்கள்.