பழைய கல்வீட்டில் கலைக்கூடமா? சீமெந்து மூட்டையை முதலில் வெளியே வையுங்கள்

மட்டக்களப்புப் புளியந்தீவில் வாவிப் பக்கமாக இன்னொரு பழைய கல்வீட்டை நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஓவியம், சிற்பம், களிமண் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நல்ல விசயம்தான். போய்ப் பார்த்தால் விறாந்தை முழுக்கச் சீமெந்து மூட்டை. நாங்கள் அந்தக் காலத்தில் அடுக்கிய அதே இடத்தில். ஏணியை ஒழுங்காக வை, கையுறை போடு என்பதெல்லாம் இங்கே எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும். பழைய வீட்டில் பலரும் விடுகிற பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுவருக்குச் சீமெந்து பூசுவது

இந்த வீடுகளின் கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியபோது இன்றைய சீமெந்து உலகத்திலேயே இல்லை. போர்ட்லாண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்ததே 1824இல்தான். பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் படை எதுவும் கிடையாது. வாவியோரத்து மண்ணிலோ உவர். அந்த ஈரம் கல்லுக்குள்ளால் மேலே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போகும். உப்பு வெளியே பூக்கும், பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்கிறதே என்றுதான் எல்லாரும் பதறுகிறார்கள். பூச்சு உதிரட்டும், திரும்பப் பூசலாம். கல் உதிரக் கூடாது. சீமெந்து அந்த ஈரத்துக்கு வழி விடாது, பிறகு உதிர்வது கல்தான்.

சில வருசத்துக்கு முன் இதே தெருவில் ஒரு வீடு. முழங்காலுக்கு மேல்வரை சுவர் பொரிந்திருந்தது. மேசன் வந்து பார்த்துவிட்டு, “தங்கச்சி, சீமெந்தைப் போட்டு இறுக்கிப் பூசித் தாறன். பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அசையாது” என்றார். பூசினார்கள். அதற்கு மேலே மினுங்கும் பெயின்ற். முதல் மாரியிலேயே ஈரம் சீமெந்து முடிந்த கோட்டைத் தாண்டித் தோளளவுக்கு ஏறி நின்றது. சுவரில் சாத்தியிருந்த கன்வஸ்களின் பின்பக்கமெல்லாம் பூஞ்சணம். அடுத்த மாரி கழிய, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன்: செங்கல்லின் தோல் முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் மிஞ்சிய கல்லை நகத்தால் சுரண்டினாலே சிவப்பு மாவாகக் கொட்டியது. பூசக் கொடுத்த காசைவிடக் கல் மாற்றக் கொடுத்தது பல மடங்கு. அந்த மனுசன் இன்றைக்கும் அதே வார்த்தையை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்னது: “சுவருக்கும் வேர்க்கும் மனே. சட்டையைப் போட்டுப் பொத்தாத.”

அப்ப என்னதான் செய்வது? முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒழுகும் கூரைப் பீலியும், வருசக்கணக்காக உயர்ந்துவிட்ட முற்றத்து மண்ணும்தான் பல இடத்தில் காரணம். மண்ணை வெட்டித் தாழ்த்துங்கள். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த தும்புத்தடியால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுவரை வெறுமனே காய விடுங்கள். வெயில் தணிந்த பிறகு பூச்சு: நீற்றிச் சில வாரமாவது தண்ணீருக்குள் கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கல்லடிக் கடற்கரையில் மணல் சும்மா கிடக்கிறதே என்று அள்ளி வர வேண்டாம். உப்பையும் சேர்த்துத்தான் அள்ளுகிறீர்கள். மெல்லிய படைகளாகப் பூசி, நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். ஒரே நாளில் காய்ந்த சுண்ணாம்பு கையில் தூளாக வரும். மேலே அடிப்பதும் சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் அல்ல. நீற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தெறித்தால் பார்வையே போகும்.

ஏற்கெனவே சீமெந்து பூசிய சுவரென்றால் ஆத்திரத்தில் சம்மட்டியைத் தூக்காதீர்கள். ஒரு மூலையில் ஒரு அடி அகலத்துக்கு உளியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கல்லும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தானாகக் கழன்று நிற்பதை மட்டும் எடுத்தால் போதும்.

கூரையைப் பிறகு பார்ப்போம் என்பது

கூரைதான் முதல். மாரிக்கு முன்னால்.

1978 நவம்பர் சூறாவளியில் ஓடு பறந்த வீடென்றால் பிறகு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கலாம். அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது.

பழைய பெயின்றை உலர்ந்த மணல்தாளால் தேய்ப்பது

கதவு, யன்னலின் பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். தூள் பறக்கத் தேய்த்துவிட்டு அதே இடத்தில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள்! நனைத்துத் தேயுங்கள். அதற்கு முன் ஒரு மூலையில் காசளவு இடத்தில் படை படையாகச் சுரண்டி, எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம் என்று படம் எடுத்து வையுங்கள்.

எண்ணெய்த் துணி

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானே சூடேறித் தானே தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. மேலே இருப்பது காய்ந்த மரக்கூரை. விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த தகர வாளிக்குள்.

வாய்ப்பேச்சு வாடகை

“செய்யுங்க தம்பி, உங்கட வீடு மாதிரித்தான்” என்பார் வீட்டுக்காரர். சுவர் வெளுத்ததும் வாடகை ஏறும். எத்தனை வருசம், திருத்தச் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவித்த கட்டடமென்றால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.

ஆணி

சுவரில் வேண்டாம். கூரை வளையிலிருந்து கம்பி விட்டுப் படத்தைத் தொங்கவிடுங்கள்.