நை மிரிஸ் கடிக்கும் முன் தயிர்ச் சட்டியைத் திறந்து வையுங்கள்

செத்தல் மிளகாய் இடித்த சம்பலைப் பாணோடு வழித்துச் சாப்பிட்டு வளர்ந்த வன்னிப் பக்கத்துச் சனத்துக்கு உறைப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தத் துணிச்சலில்தான் பெடியள் நை மிரிஸ் என்ற கடும் உறைப்பு மிளகாயை முழுதாக வாயில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுகிறார்கள். போதாததற்கு, லீவில் வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் அதைவிடப் பல மடங்கு உறைக்கும் கரோலினா ரீப்பர் மிளகாய்ச் சோஸ் போத்தலையும் கையில் தந்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் இப்போது நடைமுறையில் இருக்கும் ஒழுங்கு இதுதான்.

1. எதைக் கடிக்கிறீர்கள்?

உறைப்பை அளக்கும் ஸ்கோவில் அளவு 1912 இல் வந்தது. நை மிரிஸ் ஹபனேரோ மிளகாயின் இனம். ஹபனேரோ அந்த அளவில் 1 இலட்சத்தில் இருந்து 3.5 இலட்சம் வரை போகும். ரீப்பர் சராசரியாக 16 இலட்சத்தைத் தாண்டும். 2023 இல் கின்னஸ் சாதனை படைத்த பெப்பர் எக்ஸ் 26 இலட்சத்து 93 ஆயிரம். கொச்சி மிளகாயில் தொடங்கி நை மிரிஸுக்கு வாருங்கள். ரீப்பரைக் கடைசியாகப் பார்க்கலாம்.

தொய்வு, குடற்புண், இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் இதில் இறங்கவே வேண்டாம்.

2. வயிறும் கையும்

வெறும் வயிற்றில் கடித்தால் வயிறு முறுக்கிப் பிடிக்கும். சோறோ பாணோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையைக் கையில் மாட்டி மிளகாயை வெட்டலாம். வெறும் கையால் தொட்டுவிட்டால் உடனே தண்ணீரில் கழுவ வேண்டாம். எரிக்கும் பொருளான கப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து, துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். மிளகாய் ஆயப் போகிறவர்களுக்கு இந்தக் கை எரிவு பழகிய கதை. கழிப்பறைக்குப் போகுமுன்னும் கையைக் கழுவுங்கள். ஏன் என்று விளக்க மாட்டேன்.

3. தயிர்

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வாய் எரியத் தொடங்கிய பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் தேடி ஓடினால் நேரம் போய்விடும். சட்டியைத் திறந்து, கரண்டியைப் போட்டு, பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் மிளகாயைத் தொட வேண்டும்.

உண்மையில் வாயில் எதுவும் வேகுவதில்லை. சுமார் 43 பாகைச் சூட்டை உணரும் நரம்பு வாங்கி ஒன்று நாக்கில் இருக்கிறது. கப்சைசின் அதில் போய் ஒட்டிக்கொள்ள, மூளை ‘நெருப்பு’ என்று நம்பிவிடுகிறது. இந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் கப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கொழுப்பு எடுத்த பாலும் முழுப்பாலைப் போலவே எரிவைக் குறைப்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே தயிரை மடக்கென்று விழுங்காதீர்கள். வாயில் நிறுத்தி, நாக்கின் அடியிலும் கன்னத்தின் உட்புறமும் படும்படி உருட்டி, அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு துப்பிவிட்டு அடுத்த கரண்டி. துப்பியதும் எரிவு திரும்ப ஏறும். அதைக் கண்டு பயப்படாமல் தொடருங்கள்.

என் தெரிவு குளிர்ந்த எருமைத் தயிர், மேலே கொஞ்சம் சீனி. இனிப்பும் எரிவை மட்டுப்படுத்தும். கெட்டித் தயிர் நாக்கில் தங்கி நிற்கும், மோர் வழிந்து போய்விடும். தயிர் இல்லையா? பால்மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கெட்டியாகக் கரையுங்கள். வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருந்தாலும் கேசீன் இல்லை, அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். சோடா, ஐஸ் தண்ணீர் எல்லாம் வாயில் இருக்கும்வரைதான்.

4. கடி

நுனியில் இருந்து தொடங்குங்கள். உறைப்பு விதையில் இருப்பதாகத்தான் பலரும் நம்புகிறார்கள். அது ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில், அந்தச் சவ்வு காம்புப் பக்கம்தான் தடிப்பு. நை மிரிஸில் அதை வழித்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. ரீப்பர் போன்றவற்றில் அந்தத் தந்திரம் பலிக்காது, ஏனென்றால் அவற்றின் உட்சுவரிலும் உறைப்புச் சுரப்பு இருக்கிறது.

அரிசியளவு துண்டு போதும். மென்று, ஒரு நிமிடம் பொறுங்கள். உறைப்பு உடனே முழுதாக ஏறாது. ‘இவ்வளவுதானா’ என்று இரண்டாவது துண்டை எடுப்பவர்தான் பிறகு அழுவார். விக்கல், மூக்கொழுகல், கண்ணீர், வியர்வை எல்லாம் வழமை. கண்ணை மட்டும் கசக்க வேண்டாம்.

வாய் அடங்கிய பிறகு வயிற்றில் இன்னொரு சுற்று வரலாம். அதற்குத் தயிர் பெரிதாக உதவாது. உட்கார்ந்து பொறுத்திருக்க வேண்டியதுதான்.

மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, நிற்காத வாந்தி, திடீரென்று மண்டை பிளப்பது போன்ற தலையிடி, இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அமெரிக்காவில் ரீப்பர் தின்ற ஒருவருக்கு மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி அப்படியான தலையிடி வந்ததாக 2018 இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறகு தேறிவிட்டார்.

பின்னர் சேர்த்தவை

வாய் எரிந்து கொண்டிருக்கும்போது அம்மா பிளேன்டீ கொடுத்தார், குடித்ததும் உயிர் போய்விட்டது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். போகத்தான் செய்யும். கப்சைசின் ஒட்டிய வாங்கி 43 பாகைக்குக் காத்திராது, இளஞ்சூட்டுக்கே கத்தும். தேநீரை ஆறவிட்டுக் குடியுங்கள், அல்லது தேநீருக்கு வைத்த சீனியை மட்டும் நாக்கில் போடுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். பனங்கட்டித் துண்டை நாக்கில் கரையவிட்டு, இடையிடையே பாணை மென்று துப்பலாம்.

கள்ளைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கப்சைசின் மதுசாரத்தில் கரையும் என்பது சரி. ஆனால் கள்ளில் பெரும்பங்கு தண்ணீர். சாராயம் இன்னும் மோசம், மதுசாரமே அதே நரம்பு வாங்கியைக் கிளறிவிடும்.