நீலகிரியில் பாட்டன் கட்டிய தீர்வையைத் தேடுவது எப்படி

கோத்தகிரிப் பக்கமோ குந்தாப் பக்கமோ, உங்கள் பாட்டன் எந்த நிலத்துக்குத் தீர்வை கட்டினார் என்று தெரிய வேண்டுமா? இப்போதைய சர்வே எண் சிட்டாவிலேயே இருக்கும். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் அ பதிவேட்டை (கிராமத்து நிலங்களின் பதிவேடு) பார்த்துப் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, எஸ்.எல்.ஆர் (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு) நகலுக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுங்கள்.

அதற்கும் முந்தையது என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம்தான். அங்கே நீலகிரி என்று மட்டும் கேட்டால் போதாது, 1868-இல் தனி மாவட்டம் ஆகும் முன் இது கோயம்புத்தூரோடு இருந்தது, நடுவில் 1830 முதல் 1843 வரை பெரும்பகுதி மலபாரோடு, அதனால் அந்த மாவட்டங்களின் ஆவணக் கட்டுகளையும் கேளுங்கள்.

ஆண்டு பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1291 என்றால் 1881-82. தீர்வைக் கட்டத்தில் 2-5-4 என்பது 2 ரூபாய், 5 அணா, 4 பை.

பெயரில்தான் ரொம்ப நிதானம் வேண்டும். ஒரே ஹட்டியில் (படுகர் ஊர்) போஜனும் மாதனும் பலர் இருப்பார்கள், தகப்பன் பெயரும் பக்கத்து நிலத்துப் பட்டாதாரர் பெயரும் ஒத்துவராமல் இவர்தான் நம்மவர் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பெயர்களை முதலிலேயே கேட்டு எழுதி எடுத்துப் போங்கள்.