‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’: பார்ப்பதற்கும் வாதிடுவதற்கும் ஒரு வழித்துணை

ஆறு பாகங்களையும் பார்த்து முடிக்கும்வரை ரசிகர்கள் எழுதிய எதையும் படிக்காதீர்கள். இதுதான் என் முதல் வேண்டுகோள். பிரிட்டனின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் கதைகளில் இதைப்போல் அலசப்பட்டவை மிகக் குறைவு. டாக்டர் ஹூ மேகசின் 1998-இல் வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றது. 2009-இல் அதே இதழ் அதுவரை வந்த இருநூறு கதைகளை வரிசைப்படுத்தியபோது மூன்றாமிடம் கிடைத்தது. இத்தனை புகழோடு வருகிற கதையை நாம் பார்ப்பதில்லை. விடைத்தாள் திருத்துவதுபோல் மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகிறோம். மூன்றாவது நிமிடத்திலேயே “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று தோன்றிவிடும். அந்தக் கேள்வி எழாமல் பார்க்க வேண்டும்.

எந்த வடிவத்தைப் பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். மூல ஒளிபரப்பு 1975 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை, பிபிசியில், சனிக்கிழமைகளில் வந்தது. பாகம் ஒன்றுக்குச் சுமார் 25 நிமிடம். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று 85 நிமிடங்களாகச் சுருக்கி ஒரே படமாக மறுஒளிபரப்பினார்கள். 1979-இல், டாக்டராக நடித்த டாம் பேக்கரின் வருணனையோடு இசைத்தட்டாகவும் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது ஆறு பாக வடிவம். அதையும் நாளுக்கு ஒரு பாகம் வீதம் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. “நடுவில் இழுக்கிறது, சிறைப்படுவதும் தப்புவதுமாகவே போகிறது” என்கிற குறை ரசிகர்களிடையே நெடுங்காலமாக இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தை ஒரே மூச்சில் பார்ப்பவர்களுக்கு அது உண்மையாகவே படும். எழுதியவர் டெர்ரி நேஷன் வாரம் ஒருமுறை வருகிற பார்வையாளருக்காக எழுதினார். ஒவ்வொரு பாகத்திலும் ஓர் ஆபத்து, ஒரு தப்பித்தல், முடிவில் ஒரு திகில் என்பதுதான் அவருடைய கட்டுமானம். இடைவெளி விட்டுப் பார்த்தால் அந்த ஓட்டத்தின் தாளம் புரியும். ராட்சதச் சிப்பி ஒன்று டாக்டரின் துணைவர் ஹாரியின் காலைக் கவ்வுகிற காட்சியை எந்த இடைவெளியாலும் காப்பாற்ற முடியாது. அதைக் கடந்து போய்விடுங்கள்.

தொலைக்காட்சியின் அமைப்பையும் சரிபாருங்கள். படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் இருக்க வேண்டும். திரையை நிரப்புவதற்காக அகலமாக இழுத்தால் எல்லாருடைய முகமும் தட்டையாகிவிடும். வெளிப்புறக் காட்சிகள் ஃபிலிமிலும், அரங்கக் காட்சிகள் வீடியோவிலும் எடுக்கப்பட்டவை. கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் படத்தின் தன்மை சட்டென்று மாறும். அன்றைய பிபிசி நாடகங்களின் வழக்கம் அது. முதல் பாகத்திலேயே கண் பழகிவிடும்.

கதைக்குள் நுழைய அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்காரோ என்ற கோளில் கேலெட்கள், தால்கள் என்று இரண்டு இனங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடுகின்றன. மிஞ்சியவை ஆளுக்கொரு குவிமாட நகரமும் இடையில் பதுங்குகுழிகளும் மட்டும்தான். கேலெட்களின் விஞ்ஞானி டாவ்ரோஸ் தன் இனத்தின் எதிர்காலம் என்று சொல்லி, உலோகக் கூட்டுக்குள் வாழும் வெறிபிடித்த உயிரினங்களான டாலெக்குகளை உருவாக்குகிறான். அவை தோன்றாமல் தடுக்கவோ, அவற்றின் வெறியைக் குறைக்கவோ, ஒரு பலவீனத்தையாவது கண்டறியவோ காலத்தில் பயணிக்கும் நாயகன் டாக்டரை அங்கே அனுப்புகிறார்கள் அவருடைய இனத்தவரான டைம் லார்டுகள். உடன் வருபவர்கள் பத்திரிகையாளர் சாரா ஜேன், கடற்படை மருத்துவர் ஹாரி. இவ்வளவு போதும்.

இனி நான் விரும்பிச் சொல்ல வருவது. டப்பிங் கூடத்தில் குரல்களோடு வேலை செய்பவன் நான். ஆகவே என் கருத்துகள் காது வழியாகத்தான் வரும். டாவ்ரோஸ் வருகிற ஒரு காட்சியையாவது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடித்தவர் மைக்கேல் விஷர். ஜான் ஃப்ரீட்லாண்டர் செய்த முகமூடி அவருடைய முகத்தை முழுவதும் மறைத்தது. ஒரு கை மட்டுமே அசையும். உடலின் கீழ்ப்பாதி டாலெக் வடிவ நாற்காலிக்குள் இருக்கும். முகபாவம் காட்டமுடியாத நிலையில் நடிப்பதற்குப் பழக வேண்டும் என்று, ஒத்திகையில் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு பேசினார். அதன் பலன் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது. மூச்சு எங்கே நிற்கிறது, ஒரு சொல்லை எங்கே மென்று விடுகிறார், எங்கே சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனியுங்கள்.

டாலெக்கின் குரல் ரிங் மாடுலேட்டர் என்ற கருவி வழியாக வருவது. மனிதக் குரலையும் ஒரு தாழ்ந்த அதிர்வையும் அது பெருக்கும். இரண்டின் கூட்டலும் கழித்தலுமான அலைகள் வெளியே வரும். அதனால்தான் அந்த உலோக நடுக்கம். விஷர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் டாலெக்குகளுக்கே குரல் கொடுத்தவர். அந்த அனுபவத்தை அவர் இங்கே அருமையாகப் பயன்படுத்துகிறார். டாவ்ரோஸ் அமைதியாக இருக்கும்போது பேசுவது ஒரு மனிதன்; ஆவேசம் ஏற ஏறச் சொற்கள் துண்டுதுண்டாகி, சுருதி உயர்ந்து, கடைசியில் கேட்பது டாலெக்கின் கத்தல். படைத்தவனிடமிருந்து படைப்புக்கு என்ன போயிற்று என்பதை வசனமே இல்லாமல் குரல் சொல்லிவிடுகிறது. டாவ்ரோஸுக்குப் பக்கத்தில் நிற்கிற அவனுடைய உதவியாளன் நைடராக வரும் பீட்டர் மைல்ஸ் இதற்கு நேர் எதிர். குரலை உயர்த்துவதே இல்லை. என் காதுக்கு டாவ்ரோஸைவிட நைடர்தான் பயங்கரம்.

முதல் காட்சியையும் காதால் பாருங்கள். மூடுபனியில் வாயுக்கவசம் அணிந்த வீரர்கள் சுடப்பட்டு மெதுவாகச் சரிகிறார்கள். குழந்தைகளும் பார்க்கிற சனிக்கிழமை மாலை நேரத்தில் இயக்குநர் டேவிட் மலோனி இப்படித் தொடங்கினார். தொலைக்காட்சி வன்முறைக்கு எதிராக இயக்கம் நடத்திய மேரி வைட்ஹவுஸ் இந்தக் கதையைக் கண்டித்ததில் வியப்பில்லை. அவருடன் எனக்கு உடன்பாடில்லை. போரைப் பற்றிய கதை போரின் அசிங்கத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். கேலெட்களின் கறுப்புச் சீருடையும் குதிகால் தட்டும் வணக்கமும் நாஜிகளை நேராகச் சுட்டுகின்றன. டெர்ரி நேஷன் 1930-இல் கார்டிஃபில் பிறந்து, சிறுவயதில் குண்டுவீச்சுகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இதுவரை பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்தபின் திரும்பி வாருங்கள். இனி வருவது முடிவைப் பற்றியது.

ஆறாம் பாகத்தில் டாலெக் கருக்கள் வளரும் அறையில் வெடிமருந்து வைத்துவிட்டு, இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்தபடி டாக்டர் தயங்குகிறார். இவற்றை அழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கிறார். ரசிகர்கள் மோதிக்கொள்வது இங்கேதான். தொடரின் உச்சம் இது என்பது ஒரு தரப்பு. எதிரிகளை எத்தனையோ முறை அழித்தவர் இப்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும், அதுவும் சிறிது நேரத்தில் அதே அறைக்குத் திரும்பி வெடிக்கவைக்கத்தானே முயல்கிறார், இது வெறும் அலங்காரப் பேச்சு என்பது மறுதரப்பு.

இந்த வாதத்தில் இறங்குமுன் ஐந்தாம் பாகத்தில் ஒரு காட்சியைத் திரும்பப் பாருங்கள். எல்லா உயிர்களையும் கொல்லக்கூடிய ஒரு கிருமியை உருவாக்கிவிட்டால் அதை வெளியே விடுவாயா என்று டாக்டர் டாவ்ரோஸைக் கேட்கிறார். டாவ்ரோஸ், ஒரு கற்பனைக் குப்பியை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரலின் அழுத்தத்தில் எல்லாம் முடியும் என்ற எண்ணத்திலேயே திளைத்து, விடுவேன் என்கிறான். அடுத்த பாகத்தில் அழிக்கும் ஆற்றல் டாக்டரின் விரல்களுக்கிடையே வருகிறது. சாராவும் நோய்க்கிருமி என்றே சொல்கிறாள்: ஒரு கிருமியை அழிப்பதென்றால் தயங்கியிருப்பீர்களா என்று. இந்த இரண்டு கைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தயக்கம் விளங்கும். டாவ்ரோஸின் பதிலைக் கேட்டுவிட்டு வந்தவரால் அதே பதிலைத் தானும் எளிதில் சொல்ல முடியவில்லை.

திரும்பி வருவதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. முதல்முறை அவர் தயங்கும்போது, டாவ்ரோஸ் தன்னை எதிர்க்கும் விஞ்ஞானிகளின் நிபந்தனைகளுக்கு இணங்கிவிட்டான் என்று அவர்களில் ஒருவனான கார்மன் ஓடிவந்து சொல்கிறான். கம்பிகளைப் பிடுங்கி எறியும்போது டாக்டரின் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பாருங்கள். அந்த இணக்கம் பொய் என்று தெரிந்து, இணங்கிப் போகலாம் என்று நம்பியவர்கள் எல்லாம் டாலெக்குகளால் கொல்லப்படும்போது வேறு வழி மிஞ்சவில்லை. மாறியது நிலைமை, அவருடைய மனச்சாட்சி மாறவில்லை. கடைசியில் அந்த இணைப்பை முடித்துவைப்பது கம்பிகளின்மேல் ஏறிச் செல்கிற ஒரு டாலெக். ஆசிரியர் டாக்டருக்குச் சலுகை காட்டிவிட்டார் என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. அங்கே நான் விட்டுக்கொடுப்பேன்.

மற்றவர்களோடு பேசும்போது, எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிப்பி ஒரு பொருட்டே இல்லை; நேற்று ஒரே இரவில் பார்த்து முடித்தவருக்கு எல்லாமே நீளம். பாராட்டானாலும் குறையானாலும் பாகத்தின் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும். டாவ்ரோஸ் வந்தபின் டாலெக்குகள் வெறும் அடியாட்களாகிவிட்டன என்ற புகாரைத் தனியாக வையுங்கள். 1979, 1984, 1985, 1988 என்று பழைய தொடர் முடிவதற்குள் வந்த நான்கு டாலெக் கதைகளிலும் அவன் இருக்கிறான் என்பது உண்மைதான். அந்தப் பொறுப்பு அந்தக் கதைகளை எழுதியவர்களுடையது. 1975-இன் தலையில் அதைக் கட்டக் கூடாது.

டாலெக்குகளின் தோற்றம் பற்றி 1963–64-இல் வந்த முதல் டாலெக் கதை சொன்னது வேறு, இது சொல்வது வேறு என்று ஒருவர் கட்டாயம் கிளப்புவார். இரண்டையும் எழுதியவர் டெர்ரி நேஷனே. இரண்டையும் பொருத்திக் காட்ட ரசிகர்கள் பல விளக்கங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. ஆனால் அந்த முதல் கதையைத் தேடிப் பாருங்கள். அங்கே டாலெக்குகள் முதன்முறையாகப் பேசுகிற குரலைக் கேட்டபின், ஐந்தாம் பாகத்தின் டாவ்ரோஸிடம் திரும்பி வாருங்கள்.