செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு விபத்துத் தடுப்பைக் கற்பிக்கும் முறை

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஆண்டின் முதல் மாதங்களில் திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. பெற்றோரின் வேலையிடமே பிள்ளைகளின் வீடாகவும் விளையாட்டுத் திடலாகவும் இருப்பதால், பள்ளிக்கூடத்துப் பாடத்தை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

பாடத்திற்கு முன், அங்கு வேலை செய்யும் தாய் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் தேங்கிய மண் குழி, உயரமாக அடுக்கிய பச்சைக்கல் (இன்னும் சுடாத செங்கல்), லாரி பின்னோக்கி வரும் தடம், குடிசை வாசலில் எரியும் அடுப்பு, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குழிக்கு வேலி கட்டுவதும் பாட்டிலை எட்டாத உயரத்தில் வைப்பதும் பெரியவர்களின் வேலை. அதைச் செய்யாமல் மூன்று வயதுப் பிள்ளைக்கு எச்சரிக்கை மட்டும் சொல்வது, நம் பொறுப்பை அதன் தலையில் சுமத்துவதாகும். விடியுமுன்பே கல் அறுக்க, அதாவது மண்ணை அச்சிலிட்டுச் செங்கல் வார்க்க, தொடங்கும் குடும்பங்கள் தூங்கும் பிள்ளைகளையும் களத்துக்குத் தூக்கி வருவதால், வண்டித் தடத்திற்கு எட்டாத படுக்கையிடம் ஒன்றை மேஸ்திரியிடம் பேசி முதலில் உறுதி செய்வது நல்லது.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் "அங்கே போகாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. போகாமல் என்ன செய்ய வேண்டும் என்பதை உடம்பால் பழக்க வேண்டும். அடுப்பைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே உட்காரச் செய்யலாம். லாரிச் சத்தத்தை ஒருவர் வாயால் எழுப்ப, பிள்ளைகள் குறித்த சுவரை நோக்கி ஓடுவதை விளையாட்டாக்கலாம். ஒரு நாளைக்கு ஒரே செய்தி, பத்து நிமிடம் போதும். ஒடியா பேசும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய தாய்மார்களில் ஒருவரே சொல்லித் தரட்டும்.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் எட்டு, பத்து வயது அக்காக்கள்தான். அந்தச் சுமை அவர்களுக்கு உரியதன்று என்றாலும், நடப்பு அதுவாக இருக்கும்வரை அவர்களுக்குத் தனியே பயிற்சி தேவை. யாராவது குழியில் விழுந்தால் தாங்களும் இறங்காமல், கத்திப் பெரியவர்களை அழைத்து, கயிற்றையோ மூடிய காலிக் கேனையோ வீச வேண்டும். உடம்பில் தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். பற்பசை, இங்க், இட்லிமாவு எதையும் தடவக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108 என்ற எண்ணையும், சூளைக்கு வரும் வழியைச் சொல்லவும் அவர்கள் பழகட்டும்.

கற்றார்களா என்பதைக் கேள்வி கேட்டு அறிய முயலாதீர்கள். பிள்ளைகள் பதிலை ஒப்பித்துவிட்டு அடுப்பருகே ஓடுவார்கள். மும்முரமாக விளையாடும்போது லாரிச் சத்தத்தை எழுப்பிப் பார்த்து, சுவருக்கு ஓடாதவர்களுடன் மறுநாள் அதே விளையாட்டைத் தொடருங்கள். அடுத்த பருவத்தில் வேறு குடும்பங்கள் வந்திறங்கும்போது மண் குழியும் வண்டித் தடமும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், சுற்றிப் பார்ப்பதிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.