மார்பகப் புற்றுநோயும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும்: குடல் பாக்டீரியாவைக் கருதி உணவை அமைத்துக்கொள்ளும் முறை

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்திலிருந்து மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) மருத்துவமனைக்குச் சென்று வரும் பெண்களில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடவே உள்ளவர்கள் உண்டு. "வயிற்றுக்கு நல்லது, பழஞ்சி (நீரில் ஊறிய பழைய சோறு) குடி, தயிர் சேர்த்துக்கொள்" என்பது அவர்களுக்கு உறவினர் சொல்லும் முதல் அறிவுரை. அது பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பது அந்தப் பெண் சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதலில் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றின் கோளாறுகள் ஒன்றுசேர்ந்த நிலை, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்கும் இடுப்புச் சுற்றளவு தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு 50க்குக் கீழ், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று பொருந்தினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளது. இவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு, எண் சரியாக இருந்தாலும் அந்த அம்சம் பொருந்துவதாகவே கணக்கு. கீமோவுடன் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றும் என்பதால், கீமோ தொடங்கும் முன்பு எடுத்த அளவுகளையும் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மார்பில் வந்த நோய்க்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இயல்பானது. பல மார்பகப் புற்றுநோய்களை வளரத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன். கல்லீரல், பயன்படுத்தி முடிந்த ஈஸ்ட்ரோஜனோடு ஒரு வேதிப்பொருளைப் பிணைத்துப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்களில் சில, பீட்டா குளுகுரோனிடேஸ் என்னும் நொதியால் அந்தப் பிணைப்பை அறுத்துவிட, விடுபட்ட ஈஸ்ட்ரோஜனில் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் முக்கிய இடமாகிவிடுவதால், வயிற்றுக் கொழுப்பு மிகுந்தவருக்கு இரு வழியாகவும் அது கிடைக்கிறது. மற்றொரு புறம், நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கிக் குடற்சுவரைப் பேணுகின்றன. நார்ச்சத்து குறைந்து அந்தச் சுவர் நலிந்தால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து, மெல்லிய அழற்சியையும் இன்சுலின் எதிர்ப்பையும் (இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை) கூட்டக்கூடும். இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பாக்டீரியாவை மாற்றினால் புற்றுநோய் திரும்பாது என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. சர்க்கரையும் எடையும் கட்டுக்குள் வரும் என்பதற்காகவே இந்த உணவுமுறை.

கீமோ நடக்கும் மாதங்களில் எச்சரிக்கையே முதன்மையானது. ஊசி போட்ட பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணு எண்ணிக்கை மிகக் குறையும். அந்நாட்களில் இரவு முழுக்க வெளியில் ஊறிய பழஞ்சி, உறை ஊற்றி நாள்பட்ட தயிர், வேகாத முளைப்பயறு, கடையில் வெட்டி வைத்த பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நோயற்றவருக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரே இவருக்கு இரத்தத் தொற்றாகலாம் என்பதால், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. கழுத்திலோ கையிலோ மருந்துக் குழாய் பொருத்தியிருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். சூடான சிறுபயறுக் கஞ்சி, நன்றாக வெந்த துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), தோலுரித்துச் சாப்பிடும் பழம் ஆகியவை போதும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கீமோ முடிந்து, வெள்ளணுக்கள் மீண்ட பிறகு நார்ச்சத்தைக் கூட்டலாம். நாளொன்றுக்கு 30 கிராம் அளவு இலக்காக இருக்கட்டும். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பும் என்பதால் சில வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். நம் வட்டாரச் சமையலில் இதற்கு வழி நிறையவே உண்டு. வேகவைக்காத 100 கிராம் முழுச் சிறுபயறில் ஏறத்தாழ 16 கிராம் நார்ச்சத்து இருப்பதால், புட்டுக்குப் பயறோ கடலைக்கறியோ சேர்த்து, புட்டின் அளவைப் பாதியாக்கினாலே காலை உணவு மாறிவிடும். கீரைத் துவரன், வாழைப்பூ, பச்சை ஏத்தங்காய் (நேந்திரங்காய்) கூட்டு ஆகியவை மதியத்துக்கு. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) விட்டுவிடச் சொல்வது இந்த ஊரில் நடக்காத காரியம். ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி, நார் குறைவு என்பதால், சோற்றுக்குத் துணையாக வைக்காமல் சோற்றுக்குப் பதிலாக, சாளை மீன் குழம்போடு சிறிதளவு உண்ணலாம். வெள்ளரிசிக்குப் பதில் தவிடு நீங்காத சிவப்பரிசி நல்லது, எனினும் அளவு தளரக்கூடாது. பழுத்த ஏத்தன்பழமும் சக்கைப்பழமும் (பலாப்பழம்) சர்க்கரையைச் சட்டென ஏற்றும். மோரும் தயிரும் இப்போது தாராளமாகச் சேர்க்கலாம்.

மலப் பரிசோதனை செய்து, "உங்கள் பாக்டீரியாவுக்கு ஏற்ற உணவு" என்று பட்டியல் தரும் சேவைகளுக்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த முடிவைக் கொண்டு சிகிச்சையை மாற்றும் அளவுக்கு அறிவியல் இன்னும் வளரவில்லை. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குடல் பாக்டீரியாவை மாற்றுவது உண்மைதான். ஆயினும் சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், அது நோய் திரும்புவதைக் குறைக்கவில்லை. சர்க்கரைக்காக மருத்துவர் தந்திருந்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

சளிக்கும் இருமலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் குடல் பாக்டீரியாவை வெகுவாகக் குலைக்கும். அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் அதன் பெயரையும், கேப்பசிட்டபின் போன்ற கீமோ மாத்திரை எடுக்கும் நாட்களில் வயிற்றுப்போக்கு எத்தனை முறை ஆனது என்பதையும் அடுத்த ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டவும்.